அசையும் படம் ஆக்கிய அறிஞர்

தொண்டை நாடும் நடுநாடும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் எல்லையிலே அமைந்தவை திண்டிவனமும் விழுப்புரமும். புளியங்காடு என்னும் பொருள்பட எழுந்ததே திண்டிவனம் என்னும் பெயர் என்பர். வேனிற்காலம் வந்துவிடின், இவ்வட்டாரத்துச் சிற்றூர்கள் பலவற்றில் திரௌபதியம்மன் விழா தொடங்கும். பகலிலே பாரதம் படிப்பர். இரவிலே தெருக்கூத்து ஆடுவர். கட்டை கட்டிய வேடங்கள் விளக்கொளியில் சுழன்றாடும்போது, ஊரார் உறக்கம் மறந்து விடியுமட்டும் வீற்றிருப்பர். பாரதக் கதையேயன்றி, அரிச்சந்திரன் கதையும் இங்குக் கூத்தாக ஆடப்படும். அரிச்சந்திரன் சுடலை காத்த கதையைக் கேட்டுக் கண்ணீர் வடிக்காத மூதாட்டியர் இப்பகுதியில் அரியர்.

இத்தகைய கூத்து மணம் கமழும் விழுப்புரத்தில் 1928-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பிறந்தவர் நடிகர் திலகம் சிவாஜி கணேசன். அவர்தம் பெயருக்கு முன் நின்ற எழுத்துகளுள் முதலாவது விழுப்புரத்தையே குறிப்பது. அவருக்கு நடுவண் அரசு 1996-ஆம் ஆண்டுக்குரிய தாதாசாகேப் பால்கே விருதினை அளித்துச் சிறப்பித்தது. விருது பெற்றவர் யாவர் என்பதைச் சிறுவரும் அறிவர். அவ் விருதுக்குப் பெயராய் நிற்கும் பால்கே யாவர் என வினவின், விழிப்பவர் பலர். அவர் திரைப்படத்தை இந்நாட்டில் வேரூன்றச் செய்தவர் என்று மட்டும் சிலர் கூறுவர். தீக்குச்சிகளையும் பட்டாணி விதையையும் கொண்டு, ஒவ்வொரு படமாக எடுத்து அடுக்கி, உயிரற்றவற்றை அசைய வைத்தவரும் அவரே என்பதை அறிந்தார் மிகச் சிலரே.

துண்டிராஜ் கோவிந்த பால்கே என்பது அவருடைய முழுப்பெயர். நாசிக் நகரை அடுத்த திரியம்பகம் என்னும் திருத்தலத்தில், 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வடமொழிப் புலமை மிக்கவர். பம்பாயிலுள்ள வில்சன் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றமையால் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. மைந்தரும் தம்மைப் போலவே மறை ஓதிப் பிழைப்பார் எனத் தந்தையார் எண்ணியிருத்தல் கூடும். மைந்தரின் உள்ளமோ கோடு வரைவதிலும், மண் பிசைந்து உருவம் செய்வதிலும், நாடகம் ஆடுவதிலுமே தோய்ந்தது. பம்பாய் சர் ஜே. ஜே. கலைப்பள்ளியிலும், பின்னர்ப் பரோடாவில் கலாபவனத்திலும் சேர்ந்து, ஓவியமும் சிற்பமும் பயின்றார். ஒளிப்படக் கலையையும் அங்கே கைவரப் பெற்றார்.

கற்ற கலை உடனே சோறு போடவில்லை. கோத்ரா என்னும் ஊரில் ஒளிப்பட நிலையம் ஒன்று வைத்தார். படம் எடுத்தால் உடலின் ஆற்றலைக் கருவி உறிஞ்சிவிடும் என அந்நாளில் மக்கள் அஞ்சினர்.  அந்நிலையில் கொள்ளைநோய் பரவி, அவருடைய மனைவியையும் குழந்தையையும் கொண்டு சென்றது. பிறிதொருவராயின் அவ்விடத்திலேயே ஒடிந்திருப்பர். பால்கே ஊர் மாறினார், தொழிலும் மாற்றினார். நாடக அரங்குக்குத் திரைச்சீலை எழுதினார். செர்மானிய மாயவித்தைக்காரர் ஒருவரிடம் கண்கட்டு வித்தை கற்று, தம் பெயரை முன்பின்னாக மாற்றிக் ‘கேல்பா’ என வைத்துக்கொண்டு அவையில் வித்தைகள் செய்து காட்டினார். உள்ளதை இல்லாதது போலவும், இல்லாததை உள்ளது போலவும் காட்டும் அவ்வித்தை, பிற்காலத்தில் வேறொரு வகையில் அவருக்குக் கைகொடுத்தது. 1902-இல் மீண்டும் மணம் புரிந்துகொண்டார். அவ்வம்மையாரின் பெயர் சரசுவதி பாய். இவ்வரலாற்றில் பாதிப் பெருமை அவரையே சாரும்.

அடுத்த ஆண்டு தொல்பொருள் ஆய்வுத் துறையில் படம் வரைவோராகவும் ஒளிப்படம் எடுப்போராகவும் பணியில் அமர்ந்தார். வங்கப் பிரிவினையை ஒட்டி 1905-இல் சுதேசி இயக்கம் நாடெங்கும் பொங்கியெழுந்தபோது, வெள்ளையர் அரசின் ஊதியம் வேண்டா எனத் துறந்து வெளிவந்தார். பின்னர் அச்சுத் தொழிலில் இறங்கினார். இரவிவர்மர் தீட்டிய இலக்குமி, கலைமகள் ஓவியங்களைப் பல்லாயிரமாக அச்சிட்டு நாடெங்கும் பரப்பிய அச்சகத்தோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. தமிழகத்துப் பழைய வீடுகளின் பூசையறையில் கண்ணாடிச் சட்டத்துள் தொங்கும் அவ்வகைப் படங்களைக் கண்டிராதவர் இலர். தமக்கென ஓர் அச்சகம் அமைத்து, பொறிகள் வாங்கச் செர்மனிக்கும் சென்று வந்தார். தொழில் வளர்ந்தது, கூட்டாளிகளோடு மனவேறுபாடும் வளர்ந்தது. ஒருநாள் அனைத்தையும் விட்டு விலகி, வெறுங்கையோடு வீடு திரும்பினார். அப்போது அகவை நாற்பது. குடும்பமோ பெரியது.

வேலையின்றி இருந்த அந்நாட்களில், 1911-ஆம் ஆண்டளவில், பம்பாயில் ஒரு கூடாரத்தில் காட்டிய திரைப்படத்தை அவர் காண நேர்ந்தது. இயேசு பெருமானின் வரலாற்றைக் காட்டும் ஊமைப்படம் அது. திரையில் அவ்வரலாறு ஓடிக்கொண்டிருந்தபோது, பால்கேயின் அகக்கண்ணிலோ கண்ணனும் இராமனும் கோகுலமும் அயோத்தியும் ஓடிக்கொண்டிருந்தன. அயல்நாட்டார் தம் கதையைத் தம் கருவியால் காட்டுகின்றனர். நம் கதையை நாமே காட்டும் நாள் எந்நாள் என்னும் ஏக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. மறுமுறை மனைவியையும் உடன் அழைத்துச் சென்று காட்டினார். அம்மையார் அதற்குமுன் திரைப்படம் கண்டறியாதவர். கணவர் இனி எதைச் செய்யப் போகிறார் என்பதை அன்றே அவர் உணர்ந்திருத்தல் வேண்டும்.

அன்றுதொட்டுப் பால்கேக்கு உறக்கம் குறைந்தது. நகரிலே காட்டப்பெற்ற படங்களையெல்லாம் நாள்தோறும் பார்த்தார். சிறிய படக்கருவி ஒன்றையும் சில படச்சுருள்களையும் வாங்கி வந்து, வீட்டுச் சுவரில் ஒளி பாய்ச்சிச் சோதித்தார். வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக விலையாயின. ஓய்வின்றி உழைத்தமையால் கண்கள் வீங்கிப் பார்வையே மங்கிப்போயிற்று. மருத்துவர் ஒருவர் அன்புடன் பண்டுவம் பார்த்துப் பலவகைக் கண்ணாடிகளைப் பொருத்தி, இழந்த பார்வையை மீட்டளித்தார். பார்வை மீண்டதும் அவர் முதலில் பார்த்தது மீண்டும் படச்சுருளையே! உறவினரும் நண்பரும் அவரைப் பித்தர் என்றனர் எனின், அவர்களைக் குறை கூறுதற்கில்லை.

அவர் அத்துணை ஆழ்ந்து ஆராய்ந்தது யாது? படம் எவ்வாறு அசைகின்றது என்னும் மறையையே அவர் ஆராய்ந்தார். மாணவர் எவரும் இதனைத் தாமே செய்து காணலாம். குறிப்பேடு ஒன்றன் ஓரத்தில் பறவை ஒன்றை வரைக. அடுத்த தாளில் அதே இடத்தில் அதன் சிறகைச் சற்றே உயர்த்தி வரைக. அதற்கடுத்த தாளில் இன்னும் சற்று உயர்த்துக. இவ்வாறு இருபது முப்பது தாள்களில் வரைந்து, கட்டை விரலால் தாள்களை விரைந்து புரட்டினால், பறவை சிறகடித்துப் பறப்பதாகத் தோன்றும். தாளில் உள்ளவை அசையாப் படங்களே; அசைவு காண்போர் கண்ணிலும் மூளையிலும் பிறக்கின்றது. திரைப்படத்தின் அடிப்படையும் இதுவே. அந்நாளைய படக்கருவியைக் கையால் சுழற்றுவர். ஒரு நொடிக்கு இருமுறை சுழற்றினால் 16 படங்கள் பதியும். மனிதர் நடிப்பதை அவ்வாறு எடுப்பது ஒரு முறை. ஒரு படம் மட்டும் எடுத்து நிறுத்தி, பொருளைச் சற்று நகர்த்தி வைத்து, மீண்டும் ஒரு படம் எடுப்பது மற்றொரு முறை. இரண்டாம் முறையில் கல்லும் நடக்கும், கட்டையும் ஆடும். இதனையே இக்காலத்தார் அசைவூட்டம் என வழங்குகின்றனர்.

நுட்பத்தை முற்றக் கற்க வேண்டின் இங்கிலாந்து செல்ல வேண்டும். செலவுக்குப் பொருள் வேண்டும். தம் ஆயுட் காப்புறுதிப் பத்திரங்களை அடகு வைத்துப் பணம் பெற்று, 1912-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இலண்டன் நோக்கிப் புறப்பட்டார். அங்கே அவருக்கு அறிமுகமானவர் ஒருவரும் இலர். திரைப்பட இதழ் ஒன்றின் பெயர்ப்பலகையைத் தெருவில் கண்டு, நேரே உள்ளே புகுந்து ஆசிரியரைச் சந்தித்தார். இத்தொழிலில் இறங்கி இழப்புற வேண்டா என அவ்வாசிரியர் முதலில் தடுத்தாராம். பின்னர் இவருடைய உறுதி கண்டு உள்ளம் நெகிழ்ந்து, செசில் ஹெப்வொர்த் என்னும் படத் தயாரிப்பாளரிடம் இவரை ஆற்றுப்படுத்தினார். ஹெப்வொர்த்தும் ஒளிக்காமல் அனைத்தையும் காட்டிக் கொடுத்தார். தொழில் மறையைப் பூட்டி வைப்பார் மலிந்த உலகில், கடல் கடந்து வந்த ஓர் அயலாருக்கு இவ்வளவும் கற்பித்த அவ்விருவரையும் மறத்தல் ஆகாது. வில்லியம்சன் படக்கருவி ஒன்றையும், சுருளில் துளையிடும் பொறி ஒன்றையும் வாங்கிக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு திங்களில் தாயகம் மீண்டார்.

அந்நாளில் படச்சுருள் துளையில்லாமலே வந்தது. அதன் இரு விளிம்பிலும் பல்சக்கரம் பற்றுவதற்கேற்ற துளைகளை இருளிலே இட வேண்டும். சிறிது ஒளி பட்டாலும் சுருள் பாழாகும். அப்பணியை மேற்கொண்டவர் சரசுவதி அம்மையார். பகலெல்லாம் வீட்டு வேலை பார்த்துவிட்டு, இரவில் மக்கள் உறங்கிய பின்னர், கும்மிருட்டில் கைத்தடவலாலேயே நூற்றுக்கணக்கான அடி நீளச் சுருளுக்குத் துளையிட்டார் அவ்வம்மையார். படத்தைக் கழுவும் மருந்துநீர் கலக்கும் முறையையும் கற்றுக்கொண்டார்.

கருவி வந்தது, பொருள் கொடுப்பார் இலர். வெறுஞ்சொல்லால் செல்வரின் பேழை திறவாது என அறிந்த பால்கே, ஒரு சூழ்ச்சி கண்டார். தொட்டி ஒன்றில் பட்டாணி விதையை ஊன்றி, அதன்முன் படக்கருவியை நிறுத்தினார். விதை முளைத்து, இலை விட்டு, கொடியாகப் படரும் வரையில், ஒரு திங்களுக்கு மேல், கருவியை அசைக்காமல் இடையிட்டு இடையிட்டுப் படம் எடுத்துவந்தார். சுருளை ஓட்டிக் காட்டியபோது, ஒரு திங்களின் வளர்ச்சி சில நொடிகளில் நிகழ்ந்தது. மண்ணைப் பிளந்து முளை தலைநீட்டுவதையும், கொடி நெளிந்து எழுவதையும் கண்டோர் வியந்தனர். உழவர் வாழும் திண்டிவனத்துப் பக்கத்தில் மணிலாக் கொட்டை முளைப்பதை ஆண்டுதோறும் காண்கின்றோம். ஆயின் அது முளைக்கும் செயலை எவர் கண்டார்? காலத்தையே மடித்துச் சுருட்டிக் காட்டிய அவ்வித்தை, செல்வர் சிலரின் நெஞ்சைத் திறந்தது. கடன் கிடைத்தது. போதாத தொகைக்கு அம்மையார் தம் அணிகலன்களைக் கழற்றிக் கொடுத்தார்.

முதற்பெரும் படத்துக்கு அவர் தேர்ந்த கதை அரிச்சந்திரன் கதை. பம்பாயைச் சார்ந்த தாதரில் தாம் வாழ்ந்த வீட்டையே படப்பிடிப்பு நிலையம் ஆக்கினார். திரைப்படத்தில் வேலை என்று வெளியிற் சொன்னால் இழிவாகக் கருதுவர். ஆதலின் அரிச்சந்திரன் என்பவரின் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதாகச் சொல்லுமாறு நடிகர்க்குக் கூறிவைத்தார். சந்திரமதி வேடத்திற்குப் பெண்மகள் ஒருத்தியும் கிடைத்திலள். எங்கெங்கோ சென்று வேண்டியும் எவரும் இசையவில்லை. இறுதியில் உணவு விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்த அண்ணா சாலுங்கே என்னும் இளைஞர் அவ்வேடம் புனைந்தார். விழுப்புரத்து மக்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது. தெருக்கூத்தில் திரௌபதியாக வருபவரும் ஆடவரே அன்றோ? அரிச்சந்திரன் மைந்தனாகப் பால்கேயின் மகன் பாலச்சந்திரனே நடித்தான். நாள்தோறும் அறுபது எழுபது பேருக்கு உணவு சமைத்தவர் சரசுவதி அம்மையார். வெயிலின் ஒளியை நடிகர் முகத்தில் திருப்ப வெண்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவரே. சந்திரமதியாக நடிக்கும்படி கணவர் கேட்டபோது, அடுப்பையும் துணிகளையும் மருந்துநீரையும் பின் யார் பார்ப்பது என்று அவர் மறுத்துவிட்டாராம். ஏழு திங்கள் அளவில் முடிந்த அப்படம், ‘இராஜா ஹரிச்சந்திரா’ என்னும் பெயருடன் 1913-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் பம்பாய் கொரனேஷன் அரங்கில் மக்களுக்குக் காட்டப்பெற்றது. மக்கள் திரண்டனர். கடன் தீர்ந்தது.

பின்னர் அவர் தம் நிலையத்தை நாசிக் நகருக்கு மாற்றி, மேலும் படங்கள் எடுத்தார். அவற்றை எடுத்துக்கொண்டு 1914-இல் மீண்டும் இலண்டன் சென்றார். அங்குள்ளோர் பாராட்டினர், அங்கேயே தங்கிப் படம் எடுக்கும்படி பெரும்பொருள் தந்து அழைத்தனர். இசையாமல் திரும்பினார். திரும்பிய வேளையில் முதல் உலகப்போர் மூண்டது. படச்சுருள் அயல்நாட்டிலிருந்து வருவது அரிதாயிற்று. கடன் கொடுப்போர் கையை இறுக்கிக்கொண்டனர். பணியாளர்க்கு ஊதியம் கொடுத்தல் வேண்டும். பெரும்படம் எடுக்கவோ வழியில்லை.

இந்நெருக்கடியில் பிறந்ததே ‘ஆக்காட்யாஞ்சி மௌஜ்’ என்னும் சிறுபடம். தீக்குச்சிகளின் விளையாட்டு என்பது அதன் பொருள். 1915-ஆம் ஆண்டில் தோன்றிய இப்படத்தில் நடிகர் இலர், அரண்மனை இல்லை, நடித்தவை வெறுந் தீக்குச்சிகள். குச்சிகளை மேசைமேல் பரப்பி, ஒரு படம் எடுத்து, ஒவ்வொரு குச்சியையும் இம்மி அளவு நகர்த்தி, மீண்டும் ஒரு படம் எடுத்தல் வேண்டும். ஒரு நொடிக்குப் பதினாறு எனக் கணக்கிடின், ஒரு நிமிட ஆட்டத்துக்கு 960 முறை குச்சிகளை நகர்த்துதல் வேண்டும். இடையில் ஒருவர் தும்மினாலும், மேசையில் கை இடித்தாலும், முன்செய்த உழைப்பு முற்றும் வீண். வானிலே மேகம் மறைத்தால் படத்தின் ஒளி மாறும். ஊதியம் பெறும் நடிகரைப் போலக் குச்சி நினைவில் வைத்துக்கொள்ளாது. எக்குச்சி எவ்விடத்தினின்று எவ்விடத்திற்குச் செல்ல வேண்டும் என்பதைப் படைப்பவரே நெஞ்சில் வைத்திருத்தல் வேண்டும். கற்சிலைகள் உயிர்பெறுவதாகக் காட்டும் சிறுபடமும், தாமே பேராசிரியர் கேல்பாவாகத் தோன்றி மாயவித்தை செய்யும் சிறுபடமும் அவர் எடுத்தார்.

தீக்குச்சியை ஆட வைக்கும் எண்ணம் முதன்முதல் பால்கேக்கே தோன்றியது எனல் பொருந்தாது. பிரான்சு நாட்டு எமீல் கோல் என்பவர் 1908-ஆம் ஆண்டிலேயே வரைந்த உருவங்களையும் தீக்குச்சிகளையும் திரையில் அசைய வைத்தவர். பால்கே அவ்வழியை அறிந்தே நடந்தார். வழி அயலாருடையதாயினும், அவ்வழியில் கால்தேய நடந்தது இவர் தாமே. கருவி இங்கிலாந்தினது, சுருளும் அயல்நாட்டது. அந்நாளில் இந்தியர் பயன்படுத்திய தீப்பெட்டிகளிலும் பெரும்பாலானவை சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தவை. சிவகாசித் தீப்பெட்டித் தொழில் 1920-களில் எழுந்ததே. சுதேசியின்பொருட்டு அரசுப் பணியைத் துறந்தவர் இவ்வளவு அயற்பொருளைக் கையாண்டது முரண் அன்றோ எனச் சிலர் வினவலாம். முரண் அன்று. அயலார் செய்த பண்டத்தை வாங்கி நுகர்வது ஒன்று. அயலார் கருவியைக் கற்று அதனால் தம் பண்டத்தைத் தாமே செய்வது வேறொன்று. பால்கே செய்தது பின்னது.

இக்காலத்து மாணவர் பலர் விரும்பிக் காணும் ஜப்பானியர் அசைவூட்டப் படங்களை எண்ணுவோம். அனிமே என உலகெங்கும் வழங்கும் அக்கலை ஜப்பானில் பிறந்த கதையும் இத்தகையதே. ஷிமோகாவா, கோவுச்சி, கிதாயாமா என்னும் மூவர், மேலைநாட்டுச் சிறுபடங்களைத் திரையில் கண்டு, ஆசிரியரின்றித் தாமே முயன்று, 1917-இல் தத்தம் படங்களை வெளியிட்டனர். பால்கேயின் தீக்குச்சிகள் ஆடியது அதற்கு ஈராண்டு முன்னர். அவர்களும் அயலார் நுட்பத்தில் தம் நாட்டு வாள்வீரரையும் பழங்கதைகளையும் புகுத்தினர். இன்று திண்டிவனத்திலுள்ள மாணவர் ஒருவர் அனிமே முறையில் தாமே படம் செய்ய விரும்பினால், எட்டு நொடிப் படமாயினும் உழைப்பு ஒன்றே. திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடும். ஓர் ஓவியத்தை இருமுறை நிறுத்திக் காட்டினால் நொடிக்கு 12 ஓவியங்கள் போதும். ஒரு நிமிடத்திற்கு 720 ஓவியங்கள். மும்முறை நிறுத்திக் காட்டினால் 480. ஜப்பானியர் இவ்வாறு ஓவியத்தைக் குறைத்து, கண்ணின் சுழற்சியையும் காற்றில் அலையும் கூந்தலையும் மட்டும் அசைத்துப் பொருளைப் புலப்படுத்தும் சிக்கனத்தில் வல்லவராயினர். வறுமையே அவர்க்கும் ஆசான். பால்கேயிடம் கணினி இல்லை. பிழைத்ததை அழிக்கும் வசதி இல்லை. எடுத்த படம் எப்படி வந்தது என்பதைச் சுருளைக் கழுவிய பின்னரே காணல் இயலும்.

போரின் நடுவிலும் 1917-இல் ‘இலங்கா தகனம்’ வெளிவந்தது. அதில் சாலுங்கேயே இராமனாகவும் சீதையாகவும் நடித்தார். வாலில் தீயுடன் அனுமன் வானில் தாவும் காட்சியைக் கண்டு மக்கள் மெய்ம்மறந்தனர். சென்னையில் அப்படம் ஈட்டிய காசுகளை மாட்டு வண்டியில் ஏற்றிக் காவலுடன் கொண்டு சென்றனர் என்பர். அதே இராம கதையை, 1992-இல் யூகோ சாக்கோ என்னும் ஜப்பானியரும் ராம் மோகன் என்னும் இந்திய அசைவூட்டக் கலைஞரும் பிறரும் சேர்ந்து முழுநீள அனிமே படமாக ஆக்கினர். தமிழகத்திலும் பால்கே விதைத்தது வீண்போகவில்லை. அவருக்கு முன்னரே, 1905-இல், திருச்சிராப்பள்ளியில் இருப்புப்பாதைப் பணியிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர் படக்கருவி ஒன்றை வாங்கி ஊர் ஊராகக் கூடாரமிட்டுப் படம் காட்டத் தொடங்கினார். ஆயின் தமிழகத்தில் கதைப்படம் எடுத்த முதல்வர் நடராஜ முதலியார்; கீசகன் வதத்தை ஊமைப்படமாக்கிய அவருக்குப் பால்கேயின் படங்கள் ஊக்கம் தந்தன.

1918-இல் செல்வர் சிலர் கூட்டுச் சேர்ந்து முதலிட, இந்துஸ்தான் திரைப்பட நிறுவனம் நாசிக்கில் தோன்றியது. பொருட்கவலை நீங்கியது, உரிமையும் நீங்கியது. செலவைக் குறைக்கக் கூட்டாளிகள் வற்புறுத்தினர். பால்கேக்கு அது பொறுக்கவில்லை. அவர் எவருடைய கணக்குப் புத்தகத்துக்கும் கட்டுப்படும் இயல்பினர் அல்லர். இவ்வியல்பே அவரை உயர்த்தியது. இதுவே அவரைத் தாழ்த்தவும் செய்தது என நடுநிலையாளர் கூறுவர். மனம் கசந்து காசிக்குச் சென்று, அங்கே நாடகம் ஒன்று எழுதினார். சில ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்துக்குத் திரும்பி ஊதியத்துக்குப் பணி செய்தார். 1931-இல் பேசும்படம் தோன்றியது. ஊமைப்படத்தில் வல்லவராயிருந்தவரின் கலை ஓராண்டில் பழையதாயிற்று. 1937-இல் ‘கங்காவதரணம்’ என்னும் பேசும்படம் ஒன்றை எடுத்தார். அதுவே அவருடைய இறுதிப்படம்.

முதுமையில் நாசிக்கில் வறுமையோடு வாழ்ந்தார். அப்போதும் படம் எடுக்கும் வேட்கை தணியவில்லை. இரண்டாம் உலகப்போர் நடந்த காலமாதலின், படச்சுருள் பெற அரசின் இசைவு வேண்டும். எழுபதைக் கடந்த அப்பெரியார் விண்ணப்பித்தார். இசைவு கிடைக்கவில்லை. அந்த மறுப்புக்குப் பின் அவர் நெடுநாள் வாழ்ந்திலர். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் பிறந்து நூறாண்டு நெருங்கியபோது, 1969-இல், நடுவண் அரசு அவர் பெயரால் விருதினை நிறுவிற்று.

அவர் எடுத்த பெரும்படங்கள் தொண்ணூற்றுக்கு மேற்பட்டன, சிறுபடங்கள் வேறு. அவற்றுள் பெரும்பாலானவை அழிந்தன. ஜப்பானியர் கோவுச்சியின் 1917-ஆம் ஆண்டுப் படம், ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து ஒசாகா நகரின் பழம்பொருட் சந்தையில் கண்டெடுக்கப்பெற்றது. பால்கேயின் தீக்குச்சிகளுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. பட்டாணிக் கொடியும் மறைந்தது. ‘இராஜா ஹரிச்சந்திரா’வின் சில சுருள்கள் எஞ்சின. படங்கள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்பதை மக்களுக்கு விளக்க அவரே எடுத்த சிறுபடம் ஒன்றன் பகுதியும் எஞ்சியது. அதிலே பால்கே நடிகர்க்கு நடிப்புக் கற்பிக்கின்றார், சுருளைக் கையில் எடுத்து ஆராய்கின்றார். 1919-இல் எடுத்த ‘காளிய மர்த்தனம்’ பெரும்பகுதியும் கிடைத்துள்ளது. அதில் கண்ணனாக நடித்தவள் அவருடைய மகள் மந்தாகினி. கதை தொடங்குமுன் அச்சிறுமி தன் இயல்பான தோற்றத்திலேயே திரையில் வந்து, சினம், அழுகை, சிரிப்பு என முகத்தை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டுகின்றாள். பின் அம்முகம் மெல்லக் கரைந்து, மயிற்பீலி சூடிய கண்ணன் முகமாகின்றது.